உண்ணிடத் தேர்வியல்: தைப்பிங் குடும்பமும் ஒரு சிறு கப்பலும்

தைப்பிங்காரர்கள் தங்கள் ஊரின் முதன்மைகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மலேசியாவின் முதல் அருங்காட்சியகம் 1883இல் இங்கேதான் தொடங்கியது. பழைய மலைவாசத்தலங்களுள் ஒன்றான லாரூட் மலை 1884இல் எழுந்தது. முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடியது. ஆனால் இந்த நாட்டில் "எங்க சாப்பிடலாம்?" என்ற கேள்வி முதன்முதலில் எங்கே எழுந்தது என்று சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. அதுவும் தைப்பிங்கில்தான் என்று இக்கட்டுரை உரிமை கோருகிறது. மறுப்பவர்கள் சான்று காட்டட்டும். சான்று காட்டும் பொறுப்பு எதிரணிக்கே உரியது என்பது நம் பட்டிமன்றங்களில் நெடுநாளாக நிலைபெற்ற முறை.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியே சாப்பிடலாம் என்று ஒரு தமிழ்க் குடும்பம் முடிவெடுக்கும் கணம் ஒரு முனை. அக்குடும்பத்தில் யாரோ ஒருவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும் கணம் மறு முனை. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் நெடும் பாலைநிலமே நம் ஆய்வுப்பொருள். எதை உண்பது, எப்படிச் சமைப்பது, எந்த நோய்க்கு எது ஆகாது என்பதற்கெல்லாம் தமிழில் ஏடுகள் உண்டு. எங்கே உண்பது என்பதற்கு இலக்கணம் வகுத்தாரில்லை. பந்திக்கு முந்தச் சொன்ன முன்னோர்கூட எந்தப் பந்திக்கு என்று சொல்லாமல் படைக்குப் பிந்தப் போய்விட்டார்கள். இக்குறை தீர யாமே ஒரு நூற்பா இயற்ற வேண்டியதாயிற்று.

மழையும் தரிப்பும் மடியவிழ் விரலும்
இழைந்துடன் கூடி இடம்வகுத் திடுமே;
உண்பொருள் அதன்பின் உரைக்கப் படுமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஒரு குடும்பத்தின் உண்ணுமிடம் எவற்றால் அமையும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. மழை என்றது மாலை மழையை. தரிப்பு என்றது காடி நிறுத்தும் இடத்தை. மடியவிழ் விரல் என்றது பணம் கட்டப் போகிறவர் விரலை; இக்காலத்தார் பணத்தை மடியில் வையாது கைப்பேசியில் வைத்தலின், திரை தேய்க்கும் விரலும் அதனுள் அடங்கும். 'அதன்பின்' என்றதனான், உணவைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், பலகால் வராமலும் போம் என்பது பெற்றாம். உம்மைகள் எண்ணுப்பொருள. ஏகாரம் ஈற்றசை. பசி என்னும் சொல் சூத்திரத்துள் வாராமையை மாணவர் உற்று நோக்குக. அது மறதியன்று, தைப்பிங் மரபில் பசி புறத்திணை.

மூன்றில் மூத்தது மழை. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். தைப்பிங்கில் அது 4,000ஐ ஒட்டி நிற்கும். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் நனையும் நகரம் என்ற பெயர் ஊருக்குச் சும்மா வரவில்லை. மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே ஊரின் முதுகை ஒட்டி எழும் மலைத்தொடர். கடலோரத்து ஈரக்காற்று மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, பிற்பகலில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். பந்தயம் வழக்கொழிந்தாலும் அதன் எச்சம் வீட்டு வாசலில் இன்றும் கேட்கிறது: "மழைக்கு முன்னாடி போவோமா, விட்டப்புறம் போவோமா?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் மழையே வந்து பதில் சொல்லிவிடுவது வழக்கம்.

மழை வந்தபின் ஊரின் உணவுப்படம் சுருங்குகிறது. ஏரிப் பூங்கா பக்கம் காற்றாட உட்கார்ந்து எதையாவது கொறிக்கலாம் என்ற யோசனை முதலில் நனைந்து போகிறது. (1880இல் பழைய ஈயச் சுரங்கக் குழிகளைப் பூங்காவாக்கியவர்கள் தண்ணீரைச் செலவழிக்க ஒரு வழி கண்டார்கள், உட்கார ஒரு வழி காணவில்லை.) மிஞ்சுவன கூரையுள்ள உணவு அங்காடிகளும், பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைகளும். அந்தப் பாதையில் மேசை போட்டிருக்கும் கடைகளில், சாரல் படாத உள்பக்க நாற்காலி பாட்டிக்கு. சாரல் பாதி படும் நாற்காலி அம்மாவுக்கு. முழுக்க நனைந்த பிளாஸ்டிக் நாற்காலி மருமகனுக்கு. இந்த வரிசை மாறி யாம் கண்டதில்லை.

இனி, தரிப்பு. இதுவே நம் ஆய்வின் உயிர்நிலை.

தைப்பிங்கின் நகர மையம் கட்டம் கட்டமாக அமைந்தது. தெருக்கள் நேராக ஓடி நேராக வெட்டிக்கொள்ளும். ஜாலான் கோத்தாவில் இடமில்லையென்றால் ஜாலான் தாமிங் சாரிக்குத் திரும்பலாம். அங்கும் இல்லையென்றால் மறுபடியும் ஜாலான் கோத்தா. அப்பா என்றோ தந்தை என்றோ எப்படி அழைத்தாலும், வண்டி ஓட்டுகிற ஆண்மகன் இந்தச் சுற்றில் கடைப் பலகையைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது பின்னோக்கி நகரப் போகிற காரின் வெள்ளை விளக்கை மட்டுமே. களத்தில் பதிவு செய்த ஓர் உரையாடல்:

"செண்டோல் குடிக்கணும்னுதானேப்பா கெளம்புனோம்."

"இங்க பார்க்கிங் இருக்கு. எறங்கு."

"இது போன் கடைப்பா."

"பக்கத்துல ஏதாச்சும் இருக்கும். இருக்காமலா போயிடும்?"

பாரக் சாலையின் செண்டோல் 1940களிலிருந்து ஊரின் பெருமை. இந்திய முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஐஸைச் சீவி, தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் ஒரு தட்டு பசெம்பூரும் வைக்கின்றன. அதைக் குடிக்கக் கிளம்பி, கடையை மூன்று முறை சுற்றிவந்து, கடைசியில் எங்கோ ரொட்டி பாக்கார் தின்றுவிட்டுத் திரும்பிய குடும்பங்களுக்குக் கணக்கில்லை. செண்டோல்மீது அவர்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. முன்னால் நின்ற வேன்மீதுதான்.

இங்கே உலக அறிஞர் ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பது ஆய்வு மரபு. அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் ஒரு கசப்பான தேற்றத்தை நிறுவினார். தெரிவுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், பலருடைய விருப்ப வரிசைகளைக் கூட்டி, நியாயமான சில நிபந்தனைகள் கெடாமல் ஒரு பொது வரிசையை உண்டாக்க எந்த முறையும் கிடையாது. ஒரே ஒருவரைச் சர்வாதிகாரி ஆக்கினால் மட்டும் முடியும். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஏழு பேர் கொண்ட குடும்பத்தோடு ஒரே காடியில் போனவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. ஆரோ தவறவிட்டது ஒன்றுண்டு: சர்வாதிகாரி மனிதராகத்தான் இருப்பார் என்று எண்ணிவிட்டார். தைப்பிங்கில் அந்தப் பதவியை வகிப்பது, சாலையோரம் கோடு போட்ட ஒரு செவ்வகம். அது யாருக்கும் சாதகமில்லை, யாரோடும் சண்டையில்லை, காலியாக இருந்தால் தீர்ப்பு, இல்லையேல் அடுத்த சுற்று. இவ்வளவு நடுநிலையான சர்வாதிகாரியை எந்த நாடும் கண்டதில்லை என்பதால்தான் குடும்பங்கள் உடையாமல் இருக்கின்றன என்பது எம் துணிபு.

மடியவிழ் விரலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் தெரிந்ததே. அப்பா கட்டினால் ரொட்டி சானாய். முதல் சம்பளம் வாங்கிய அண்ணன் கட்டினால் பீசா. சிங்கப்பூரிலிருந்து மாமா வந்திருந்தால் குவாலா செப்பெத்தாங்குக்கு வண்டி திரும்பும். அங்கே மீ ஊடாங்கில் இறால் தட்டை மீறிக் கிடக்கும். "நான்தான் குடுப்பேன்", "சும்மா இருங்க மச்சான்" என்ற கல்லாப்பெட்டிப் போரில், கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்தவரே வெல்வார். ஆளுக்குப் பாதி என்ற முறை வெளியூர்களில் வழங்குவதாகக் கேள்வி.

விலக்குகளை மட்டும் விட்டுவிட முடியாது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மரக்கறி. புரட்டாசி முழுக்கப் பாட்டிக்கு. தைப்பூச விரதம் தொடங்கிவிட்டால் அத்தை காவடி இறக்கும் வரை வெங்காயத்தைக்கூடச் சந்தேகிப்பார். மாட்டிறைச்சி விற்கும் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காத ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சித்தப்பாவுக்கு மூட்டுவாதம், இறால் தொட்டால் பெருவிரல் வீங்கும். முஸ்லிம் நண்பர் ஒருவர் கூட வந்தால், லாரூட் மாத்தாங் உணவு அங்காடியில் எந்தப் பக்கம் உட்காருவது என்பது தானாக முடிவாகிவிடும். அங்கே ஹலால் கடைகள் ஒரு பக்கம், சீனர் கடைகள் மறு பக்கம். இந்த விலக்குகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் கோப்பி ஓ. அதற்கு இவ்வூரில் பஞ்சமில்லை. அந்தோங் ஆலை 1933 முதல் வறுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் நூற்பாவில் விலக்குகளுக்கு இடம் தரவில்லை. ஏனெனில் விலக்கு கழிக்குமேயன்றித் தேராது. தேர்வது அந்த மூன்றே.

இக்கருத்தை மெய்ப்பிப்பது எப்படி? மழை பொருட்டில்லாத, காடி நிறுத்த வேண்டாத, யாரும் பணம் கட்டத் தேவையில்லாத ஓர் இடத்தில் ஒரு தைப்பிங் குடும்பத்தை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1879இல் தொடங்கிய தைப்பிங் சிறைச்சாலை இம்மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் அங்கே தெரிவே கிடையாது என்பதாலும், குடும்பத்தோடு சேர்வதில் நடைமுறைச் சிக்கல் இருப்பதாலும் கைவிட்டோம். குவாலா செப்பெத்தாங்கின் ஆற்றுப் படகுகளையும் கருதினோம். இந்த ஊர்தான் அந்தக் காலத்துப் போர்ட் வெல்ட். படகுக்காரர் சதுப்புக் காட்டோரம் நிறுத்திக் கோழித்தோலைத் தண்ணீரில் வீசுவார். செம்பருந்துகள் வட்டமிட்டு வந்து கவ்விக்கொண்டு போகும். பருந்துகளுக்கு ஒரே பட்டியல், ஒரே பந்தி. ஒன்றுகூட இன்னொன்றைப் பார்த்து "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. ஆய்வுக்கு அவை உதவா.

கப்பல்தான் சரி. ஆனால் எந்தக் கப்பல்?

நம்மவர்களின் கப்பல் நினைவு ரஜூலாவில் தொடங்குகிறது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கொடியோடு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை வந்துபோன கப்பல் அது. தொடக்க காலத்தில் டெக் பயணிகளாக மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய எத்தனையோ குடும்பங்களின் கதையில் அந்தப் பெயர் வரும். பினாங்கில் இறங்கியவர்கள் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்புக் காவலில் கிடந்துவிட்டுத்தான் கரை ஏறினார்கள். ரஜூலாவின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இருந்த கேள்வி, எந்த உணவகம் என்பதல்ல. உண்டது வயிற்றில் நிற்குமா என்பது. தேர்வியல் அங்கே தொடங்கவே இல்லை. நம் பாட்டன்மார் எதைப் போட்டாலும் சாப்பிட்டார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அதில் பாதி கடலின் செயல்.

பேரப்பிள்ளைகளின் காலத்தில் நிலைமை வேறு. ஸ்டார் குரூசஸ் 1993இல் தொடங்கிய பின் பினாங்கின் சுவெட்டன்ஹம் துறையிலிருந்து ஓரிரு இரவு கடலில் சுற்றிவரும் கப்பல்கள் பேராக் மக்களுக்குப் பழக்கமாயின. உலகத்தின் மாபெரும் கப்பல்களோடு ஒப்பிட்டால் இவை சிறியவை; நம் ஆய்வுக்கோ அளவான சோதனைச்சாலை. இத்தகைய கப்பலில் ஏறியவுடன் கையில் ஒரு தாள் வந்துவிடும். பெரிய உணவுக்கூடம் ஒன்று; அதில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி. மேல்தளத்தில் நீச்சல் குளத்தை ஒட்டி பஃபே. ஒரு சீன உணவகம். நள்ளிரவில் கொறிக்க ஒரு மூலை. இவை எல்லாமே டிக்கெட்டுக்குள் அடக்கம். தனியாகப் பணம் கட்டி, முன்பதிவு செய்து உண்ண வேண்டிய சிறப்பு உணவகமும் ஒன்று இருக்கும்.

பந்தி முறைக்குக் காரணம் கப்பலின் உடல்வாகு. எல்லாப் பயணிகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கக் கூடம் கொள்ளாது. ஆகவே பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால். கல்யாண மண்டபம் போலவேதான், நாற்காலிக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துவோர் மட்டும் இல்லை. பயணி நினைத்த நேரத்தில் நினைத்த கூடத்தில் சாப்பிடலாம் என்ற முறையை நார்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டில் ஊரறியக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது நம் ஸ்டார் குரூசஸ். பந்தியை ஒழித்துக்கட்டிய புண்ணியத்தில் ஒரு பங்கு மலேசியாவுக்கு உண்டு என்பதைப் பெருமையோடும் சற்று அச்சத்தோடும் பதிவு செய்கிறோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பத்தில் பாட்டி, அப்பா, அம்மா, மாமா, அத்தை, அண்ணன், தங்கை. கப்பலின் பெயர் ஆய்வுக்குத் தேவையற்றது. முதல் நாள் மாலை லிப்ட் முன்னால் எழுவரும் கூடினர். வானம் எப்படியிருந்தாலும் தலைக்கு மேலே கூரை; காடி பினாங்கில்; பணம் முன்கூட்டியே கட்டியாயிற்று. மூன்று தூண்களும் ஒரே நேரத்தில் சரிந்த நிலை.

"எங்க சாப்பிடலாம்?"

"எங்கன்னாலும் சரிதான்."

"நீங்களே சொல்லுங்க மாமா."

"எனக்கென்னா, பிள்ளைங்களுக்குப் பிடிச்ச எடமா பாருங்க."

"பாட்டி, உங்களுக்கு?"

"நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். என்னையப் பத்திக் கவலைப்படாதீங்க."

இந்த உரையாடல் இதே வரிசையில் பலமுறை சுழன்றது. லிப்ட் வந்தது, போனது. சந்தையும் சமூகமும் பற்றிய ஆய்வுலகில் புகழ்பெற்ற ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வரும். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. கலிபோர்னியாவில் ஒரு பலசரக்குக் கடையில் ஆறு வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் முப்பது விழுக்காட்டினர் வாங்கினர். இருபத்துநான்கு வகை வைத்தபோது மூன்று விழுக்காட்டினரே வாங்கினர். தெரிவு கூடக் கூட மனிதன் திகைக்கிறான் என்பது அவர்கள் முடிவு. பணிவோடு மறுக்கிறோம். நம் குடும்பத்தின் முன்னால் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கூடங்களே. தைப்பிங்கின் ஒரு தெருவில் அதைவிட அதிகக் கடைகள். தெரிவு குறைந்தும் திகைப்பு கூடியது. மேலும், ஜாம் வாங்கப் போனவரோடு பாட்டி போனதாக அந்த ஆய்வில் குறிப்பில்லை.

அப்பாவின் நிலைதான் பரிதாபம். மற்றவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு வெள்ளை விளக்கைத் தேடியே பழகிய கண்கள், கம்பளம் விரித்த நடைபாதையில் தேட ஒன்றுமில்லாமல் அலைந்தன. அவர் மனம் பினாங்கில், மணிக்கு மணி கட்டணம் ஏறிக்கொண்டிருந்த காடியிலேயே இருந்தது. கடைசியில் ஒரு பற்றுக்கோடு கண்டார். "லிப்டுக்குப் பக்கத்துல எது?" என்றார். பஃபே என்று தெரிந்தது. "அப்ப அங்கேயே போவோம், ரொம்ப நடக்க வேண்டாம்." எல்லோர் முகத்திலும் நிம்மதி. லிப்டின் அண்மை என்பது தரிப்பின் ஆவியேயன்றி வேறன்று. உடல் கடலுக்கு வந்துவிட்டாலும் சர்வாதிகாரி விடவில்லை.

பஃபேயில் கிடைத்த தரவு இன்னும் அரியது. வாசலில் கை கழுவச் சொல்லி ஓர் இளைஞர் நின்றார். மூடிய கப்பலில் ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு ஊரையே பிடிக்கும் என்பதால் இது எல்லாக் கப்பலிலும் உள்ள கட்டுப்பாடு. பாட்டி அவரை வெகுவாகப் பாராட்டினார். பயண முழுமைக்கும் அவர் பாராட்டிய ஒரே விஷயம் அதுவே. பிறகு எழுவரும் ஏழு திசையில் பிரிந்தனர். யார் யாருக்கு எது பிடிக்கும் என்பது இப்போதாவது வெளிப்படும் என்று நாம் குறிப்பேட்டைத் திறந்து காத்திருந்தோம். பாட்டியைத் தவிர அறுவரும் தனித்தனியே சுற்றிவிட்டு, ஒரே பண்டங்களோடு மேசைக்குத் திரும்பினர்: பொரித்த சோறு, பொரித்த கோழி, ஒரு துண்டு பப்பாளி. பாட்டி பப்பாளி மட்டும். இதிலிருந்து உறுதியாவது, இத்தனை ஆண்டுகளாகத் தைப்பிங் தெருக்களில் நடந்த சண்டைகளில் உணவு ஒரு பொருட்டே அல்ல என்பது. இதை அறிந்தபின் பல குடும்பங்கள் தங்கள் வரலாற்றைத் திருத்தி எழுத நேரலாம்.

நள்ளிரவுக்குச் சற்று முன், பாட்டியின் அறையிலிருந்து நாரத்தங்காய் ஊறுகாயின் மணம் வந்தது. வெளியுணவு கூடாது என்ற கப்பல் விதியைப் பாட்டி படிக்கவில்லை. படித்திருந்தாலும் ஊறுகாய் உணவல்ல என்று வாதிட்டிருப்பார். மெகி கப், முறுக்கு, கருவாட்டுச் சம்பல் என அவர் பையிலிருந்து வந்தவற்றை எழுவரும் கட்டிலில் உட்கார்ந்து உண்டனர். எங்கே சாப்பிடலாம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை நிகழ்ந்ததே நூற்பாவின் வெற்றி. மாமா முதல் நாள் முழுவதும் தம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பணம் கட்ட இடமில்லாத ஊரில் மாமனாக இருப்பது எவ்வளவு கடினம் என்று வெளியாருக்குப் புரியாது. கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து, கல்லாவைத் தேடி, காணாமல், உண்மையிலேயே கை கழுவிவிட்டு அவர் திரும்பியதைக் கண்டோம். மாலையில் அந்தத் தாளை மறுபடியும் படித்தவர் கண்ணில் சிறப்பு உணவகம் பட்டது: தனிக் கட்டணம். "இன்னிக்கி நான் குடுக்கறேன்" என்றார். "எதுக்கு மாமா வீண் செலவு" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் செருப்பு மாட்டியிருந்தனர். அங்கே முன்பதிவு வேண்டும். ஏழு மணிக்கு ஒரே ஒரு பெரிய மேசை மட்டும் காலி என்றார்கள். அப்பாவின் கண்ணில் வெள்ளை விளக்கு எரிந்தது. "இடம் இருக்கு, வா வா, வேற யாராச்சும் புடிச்சிடுவான்." இதற்கிடையில் வெளியே மழை பிடித்துக்கொண்டது, குளக்கரைக் கூட்டமெல்லாம் உள்ளே ஓடிவர, பஃபே வாசலில் நெருக்கம். விரல் வந்தது, தரிப்பு வந்தது, மழையும் வந்தது. முதல் நாள் மாலை முழுதும் பிறக்காத முடிவு, ஒரு வாய் கோப்பி குடிக்கும் நேரத்தில் பிறந்தது. அங்கே என்ன சமைக்கிறார்கள் என்பதை உட்கார்ந்த பிறகே கேட்டனர். 'உண்பொருள் அதன்பின் உரைக்கப் படுமே' என்றது ஈண்டு ஒத்தவாறு காண்க.

எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் கப்பலில் காசு கொடுத்து உண்ணும் உணவகத்துக்குக் கூட்டம் ஏன் வருகிறது என்ற பழைய புதிருக்கும் இதுவே விடை. 1912இல் டைட்டானிக்கிலேயே, முதல் வகுப்புப் பயணிகள் தங்கள் டிக்கெட்டில் அடங்கிய உணவுக்கூடத்தை விட்டுவிட்டுத் தனியே பணம் கட்டி உண்ண ஓர் உணவகம் இருந்தது. சுவைக்காக என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலிலும் நிறைய மாமன்கள் இருந்திருப்பார்கள் என்று நாம் கொள்கிறோம்.

இங்கே ஒரு தடை எழும். கிராப், ஃபுட்பாண்டா வந்தபின் மழையும் தரிப்பும் பொருளற்றுப் போகாவோ எனின், போகா. மழை உணவு கொண்டுவரும் தம்பியின் தலைக்கு மாறியது. தரிப்பு அவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. விரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றியும், கைப்பேசியில் கடையைத் தேடும் குடும்பம் கடைசியில் "டெலிவரி ஃப்ரீ" என்றிருக்கும் கடையையே அழுத்துகிறது. அதுவும் ஒரு காலியான செவ்வகமே.

கப்பல் கம்பெனிகளுக்கு எம் பரிந்துரை இதுதான். மலேசியத் தமிழ்க் குடும்பங்களை ஏற்றும்போது ஒவ்வொரு உணவுக்கூடத்தின் முன்னும் தரையில் கோடு போட்டு ஏழெட்டுச் செவ்வகங்கள் வரையுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் காலியாக வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு எங்காவது ஒரு குழாயைத் திறந்து சத்தம் காட்டுங்கள். மாமன்மாருக்காக ஒரு கல்லாப்பெட்டி; வாங்கும் பணத்தை இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் அத்தைக்குத் தெரியாமல். சமையற்காரரை மாற்ற வேண்டியதில்லை.

பயணிகளுக்கும் ஒரு சொல். பந்தி முறை இருக்கும் கப்பலாக இருந்தால் முதல் பந்திக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். மேசை எண்ணும் நேரமும் அவர்களே குறித்துக் கொடுத்துவிடுவார்கள். குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊறுகாயை மட்டும் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும்.